ஹங்கேரிக்கென்று சமைத்த கறி

ஓடுகிறேன். முழங்கால் வரை பனி. கையில் சூப்பு அண்டா. அதன் இன்னொரு காதைச் சிக்கந்தர் பிடித்திருக்கிறான். செவ்வாய்க்கிழமை. காலை ஆறு நாற்பது. தலைக்கு மேலே தையல் மிஷின் ஓடுவது போல இரைச்சல். ட்ரோன். நகர்ந்துகொண்டே இருந்தால் பயமில்லை. ஒரே இடத்தில் நின்று இரைந்தால் குண்டு விழும். நிற்கிறது.

"ஏலே பாண்டி, படுலே!"

படுத்தேன். கத்தியவன் படுக்கவில்லை. அண்டா கவிழ்ந்துவிடாமல் கீழே வைக்கக் குனிந்தான். அந்த ஒரு நொடிதான். பெரிய சத்தமாக எனக்குக் கேட்கவில்லை. தேங்காய் உடைத்த மாதிரி. அண்டா உருண்டது. சிக்கந்தர் எழவில்லை. அன்றிலிருந்து எனக்கு இடது காது கேட்பதில்லை.

நான் எம்.ரெட்டியபட்டிக்காரன். அருப்புக்கோட்டையில் ஒரு ஹோட்டலில் பதினோரு வருஷம் சமையல் மாஸ்டர். சிக்கந்தருக்கு வீரசோழன். அதே ஹோட்டலில் புரோட்டா போட்டான். நாங்கள் சண்டை போடப் போனவர்கள் இல்லை. சமைக்கப் போனவர்கள். வழக்கு நடக்கிறது. அதனால் அந்த நாட்டின் பெயரையும் எங்களை அனுப்பிய கம்பெனியின் பெயரையும் எழுதவில்லை.

ஹங்கேரியில் ஹோட்டல் வேலை என்று சொன்னவன் முருகேசன். என் மனைவி செல்வியின் கூடப்பிறந்த தம்பி. மதுரையில் ஏஜென்ட் ஆபீஸில் இருந்தான். அந்த ஊர் முதலாளி கைப்பக்குவம் பார்க்க வேண்டுமாம். குலாஷ் என்கிற மாட்டுக்கறிக் குழம்பை வீட்டில் சமைத்து வீடியோ அனுப்பச் சொல்கிறாராம். போனில் பார்த்துப் படித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீட்டில் மாட்டுக்கறி நுழைந்ததில்லை. செல்வி சமையலறையைத் தரவில்லை. கொல்லையில் மூன்று கல் கூட்டினேன். கருவேல விறகு. சிக்கந்தர் முதல் பஸ்ஸில் இரண்டு கிலோ தொடைக்கறி கொண்டுவந்தான். கறியில் பாதிக்கு வெங்காயம். கரைந்து பழுப்பாகும் வரை கிண்ட வேண்டும். பிறகு சட்டியை இறக்கிவிட்டுத்தான் மிளகாய்ப்பொடி. அடுப்பில் இருக்கும்போது போட்டால் கருகிக் கசக்கும். அந்த ஊர்ப் பொடியில் காரம் இல்லை, நிறம் மட்டும்தான். அதனால் காஷ்மீர் மிளகாய். பூண்டு, சீரகம், கறி. ஒரு கை தண்ணீர். மூடி போட்டு மூன்று மணி நேரம். கடைசியில் உருளைக்கிழங்கு. தேங்காய் இல்லை, புளி இல்லை, இது என்ன குழம்பு என்று சிக்கந்தர் கேலி பண்ணினான். ஆனால் சாறு கெட்டியாகச் செக்கச்செவேல் என்று இறங்கியது. கறி பூவாக வெந்திருந்தது.

முருகேசன் வீடியோ எடுத்தான். எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டான். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினான்.

"மச்சான், இதத் தின்னா அவுக ஒங்கள விடவே மாட்டாக" என்றான்.

எங்களோடு வேறு நாலு பேரும் சேர்ந்து ஆறு பேர் விமானம் ஏறினோம். இறங்கிய இடம் ஹங்கேரி இல்லை. பாஸ்போர்ட்டைப் பிடுங்கினார்கள். புரியாத காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பத்து நாள் துப்பாக்கிப் பயிற்சி. சமையல்காரர்கள் என்று கையால் கிண்டிக் காட்டினோம். எங்கள் இரண்டு பேர் கையில் அண்டாவைக் கொடுத்தார்கள். மற்ற நாலு பேர் பதுங்குகுழிக்குப் போனார்கள். முருகேசனுக்கு ஏழு தடவை போனில் பேசிப் பதிந்து அனுப்பினேன். ஏழு தடவையும் கேட்டுவிட்டான் என்று போன் காட்டியது. பதில் இல்லை. பாவம், அவனையும் ஏமாற்றியிருப்பார்கள் என்று சிக்கந்தரிடம் வாதாடினேன். சிக்கந்தர் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் முருகேசன் வீட்டுக்கு வந்தான். எப்போது தெரியும் என்று மட்டும் கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"வீடியோ எடுக்கும்போதே தெரியும் மச்சான். ஹோட்டல்னு ஒண்ணு கெடையாது. நீங்க நம்பணும்னுதான் சமைக்கச் சொன்னாக."

அடிக்கக் கை எழவில்லை. நம் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து, தெரிந்துகொண்டே சாப்பிட்டிருக்கிறான். இனிமேல் இந்த வாசலில் கால் வைக்காதே என்று சொன்னது செல்விதான். சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதாள். அவளுக்கு ஒரே தம்பி.

வீரசோழனுக்குப் போனேன். சிக்கந்தர் மனைவி பாத்திமா தண்ணீர் கொடுத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"நீங்க கூப்பிட்டீகன்னுதாண்ணே அனுப்புனேன்" என்றாள்.

ஊரில் யாரும் இப்போது இதைப் பேசுவதில்லை. அதனால் கணக்கை இங்கே எழுதி வைக்கிறேன். போனவர்கள் ஆறு பேர். செத்தது மூன்று. ஒருவன் எங்கே என்று தெரியாது. திரும்பியது நானும், சாத்தூர்க்காரன் ஒருவனும். அவன் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. சிக்கந்தரின் உடல் வரவில்லை. வயது முப்பத்திநாலு. எனக்குப் போனது ஒரு காது, வலது கையில் இரண்டு விரல். கரண்டி பிடிக்க முடியாது. செல்விக்குத் தம்பி இல்லை.

ஆறு பேரில் ஐந்து பேரைச் சேர்த்தவன் முருகேசன். சிக்கந்தரைச் சேர்த்தவன் நான்.