எப்சிக்கு நீங்க என்ன வேணும்?

இல்ல சார், இந்த ஸ்டூல்லயே உக்காந்துக்கறேன். சேர்ல உக்காந்தா எனக்குக் காலு தரையில எட்டாது. தண்ணியா? வேணாம் சார், இப்பதான் வெளிய டீ குடிச்சேன். பேரு சவுரியம்மாள். ஆம்பூர்தான். எப்சிக்கு நான் என்ன வேணும்னா கேக்கறீங்க? சொல்றேன் சார், அதச் சொல்லத்தானே பஸ் ஏறி வேலூர் லேபர் ஆபீசுக்கு வந்துருக்கேன். கொஞ்சம் முன்ன பின்ன பேசுவேன், கோச்சுக்காதீங்க. ஒரே வீடு சார் நாங்க, ஒரே சட்டிச் சோறு. அவளும் நானும் கொழந்தை ஜெனிஃபாவும். அவ்ளோதான் குடும்பம்.

அன்னிக்கு மழை சார். கரெண்ட்டு போறதும் வர்றதுமா இருந்துச்சு. யூனிட்ல மேல ஷீட் ஒழுவி மெஷின் அடியில தண்ணி நின்னுருக்குது. இவ ஷூவுக்கு மேல்பாகம் தைக்கிறவ. மோட்டார்ல கை பட்டுச்சு, ஷாக்கு, அவ்ளோதான். கத்தக்கூட இல்லியாம். பக்கத்து மெஷின் மரியம்மாள் சொன்னா, தலை சாஞ்சதப் பாத்துட்டு, பாவம் அசந்துட்டா போலன்னு நெனச்சாளாம். தூங்கட்டும்னு உட்டுட்டாளாம் சார். இன்னிக்கும் அதச் சொல்லிச் சொல்லி அழுவுறா.

பாய் மேல கோவமாவா? மொதலாளி சர்தார் பாஷா மேலயா? ஷீட்ட மாத்தாதது அவர் தப்புதான். அத அவர் மூஞ்சிக்கு நேராவே கேட்டேன். ஆனா ஒண்ணு சார், இருக்கறத இருக்கற மாதிரி சொல்லணும் இல்ல? பத்து பேரு இருந்தாத்தான் ஈஎஸ்ஐ. பாய் கிட்ட எட்டே பொம்பளைங்க. அந்த மாதிரிச் சின்ன யூனிட்ல அடிபட்டா மொதலாளி கைக்காசத் தரணும்னு சட்டம் இருக்குது, எவன் தர்றான்? ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ புடிச்சுக் குடுத்தா அதுவே பெருசு. இது நடக்கறதுக்கு முன்னாடியே, வேலை குடுக்கற பெரிய கம்பெனியிலருந்து ஆடிட்டுக்கு வந்தாங்க. இன்சூரன்ஸ் போட்டாத்தான் இனிமே வேலைன்னுட்டாங்க. மத்த யூனிட்காரங்க இன்னா பண்ணாங்க? எட்டு பேருக்கு நாலு பேரக் காட்னாங்க, சம்பளத்துல பாதியக் காட்னாங்க. பிரீமியம் கம்மி ஆவும் இல்ல? பாய் மட்டும் எட்டு பேரயும் காட்னாரு, வாங்கற சம்பளத்த வாங்கற மாதிரியே காட்னாரு. இன்னா பாய், பைசா ஜாஸ்தி ஆய்டுச்சான்னு தோஸ்துங்க எல்லாம் சிரிச்சாங்களாம். இன்னிக்கு இந்தப் பணம் உங்க ஆபீஸ்ல வந்து நிக்குதுன்னா அதனாலதான்.

அந்த இன்சூரன்ஸ் போடும்போது ஒவ்வொருத்தியாக் கூப்ட்டு, உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாருக்கும்மா சொல்லணும்னு கேட்டாராம். மத்தவளுங்க புருசன் பேரச் சொன்னாளுங்க. எப்சி, எங்கம்மா சவுரியம்மாளுக்குச் சொல்லுங்க பாய்னு என் பேரச் சொல்லிட்டு வந்தா. வூட்டுக்கு வந்து சிரிச்சுக்கினே சொன்னா. உன் வாய்ல நல்லதே வராதான்னு கரண்டியத் தூக்கிக்கினு போனேன் நானு.

சண்டை வரும் சார், வராம? அவ சிஎஸ்ஐ கோயிலுக்குப் போவா, நான் மாதா கோயிலுக்குப் போவேன். எப்டியா? அது பெரிய கதை, உடுங்க. கிறிஸ்மஸ் கேக்க எந்த சாமியார் கிட்ட மொதல்ல குடுக்கறதுன்னு வருசா வருசம் சண்டை. சாயந்திரம் வர்றப்ப கை பூரா ஷூ ஒட்டற சொல்யூஷன் நாத்தம். எத்தினி சோப்பு போட்டாலும் போவாது. கொழந்த அந்தக் கையால ஊட்னா வாயத் தொறக்காது, நான்தான் ஊட்டுவேன். இவ எதிர்ல உக்காந்து பாத்துக்கினு இருப்பா. இப்ப அந்த நாத்தம் வேணுங்குது சார் எனக்கு. தெருவுல வேலை உட்டு வர்றவளுங்க பக்கத்துல போய்ச் சும்மா நிக்கறேன்.

இல்ல சார், அழுவல. கேளுங்க.

ஆமா. வெளிய வெள்ளச் சட்ட போட்டுக்கினு நிக்கறானே, பணத்துக்கு மனு போட்ருக்கானே ஏசுராஜ், அவன்தான் புருசன். சர்ச்சுல நடந்த கல்யாணம்தான், பொய் இல்ல. ஜெனிஃபா தவழ்ந்துக்கினு இருக்கும்போது வேற ஒருத்தியக் கூட்டிக்கினு பெங்களூர் போய்ட்டான். கொழந்தைக்குக் காய்ச்சல்னாலும் வரல, அட்மிஷன்னாலும் வரல. எப்சிய எடுக்கும்போதாச்சும் வருவான்னு பெட்டிய மூடாம வச்சிக்கினு இருந்தோம். வரல. இன்சூரன்ஸ் வருதுன்னு ஊர்ல பேச்சு வந்துச்சு பாருங்க, வந்துட்டான். கொழந்தைக்குக் கிலுகிலுப்ப வாங்கினு வந்தான் சார். ஏழு வயசுப் பொண்ணுக்குக் கிலுகிலுப்ப! அது அவன் மனசுல இன்னும் தவழ்ந்துக்கினே கெடக்குது. யாரு இதுன்னு கொழந்த என் காதுல கேக்குது.

யூனிட்ல எல்லாரும் எனக்குப் புத்தி சொன்னாளுங்க. பெத்த தாய் தாலியறுத்தவளா இருந்தா அவளுக்கும் பங்கு உண்டாம் இல்ல? பாய் கிட்ட அம்மான்னுதானே சொல்லி வச்சிருக்கா, அப்டியே ஆமான்னு சொல்லிடு, யாரும் நோண்ட மாட்டாங்க, கொழந்தையும் உன்கிட்டயே இருக்கும்னாளுங்க. வந்ததுலருந்து நீங்களும் உன் பொண்ணு, உன் பொண்ணுன்னுதான் பேசறீங்க. நானும் கம்முனு கேட்டுக்கினு இருந்துட்டேன். கேக்க நல்லா இருந்துச்சு சார்.

நான் அவளப் பெத்தவ இல்ல.

இருங்க சார், பேனாவ மூடாதீங்க. அவளப் பெத்தவ ஒடுகத்தூர்ல இவ சின்னப் புள்ளையா இருக்கும்போதே போய்ட்டா. அப்பனும் இல்ல. அம்மான்னு அவ என்னக் கூப்ட்டா, அது எனக்குப் போதும், அத வச்சுக் காசு வாங்க மாட்டேன். இன்னொண்ணும் இருக்குது. நான் இங்க சத்தியம் பண்ணி ஒரு பொய் சொன்னேன்னு வைங்க, அவன் அதப் புடிச்சிக்கினு, இவ சொல்றது எல்லாமே பொய்னுடுவான். கொழந்தைய இழுத்துக்கினு போய்டுவான். அது ஒண்ணுதான் சார் எனக்கு பயம், ராத்திரியெல்லாம் அதேதான்.

எனக்கு ஒரு பைசா வேணாம். எல்லாத்தையும் ஜெனிஃபா பேர்ல பேங்க்ல போடுங்க. வயசு வந்து அதுவே கையெழுத்துப் போட்டு எடுக்கட்டும். சோறு நான் போடறேன், நாலு வூட்ல பாத்திரம் தேய்ச்சாலும் போடுவேன். அவன் கைல மட்டும் குடுத்துடாதீங்க. உள்ள கூப்ட்டீங்கன்னா அழுவான் சார், தகப்பனாச்சேன்னு உங்களுக்கே மனசு எளகிடும், அப்டி அழுவான். அத நம்பாதீங்க. திருடித் தின்னுட்டு அழுவறது அவனுக்குச் சின்ன வயசுலருந்தே வர்ற பழக்கம்.

எனக்கு எப்டித் தெரியுமாவா?

எழுதிக்கங்க சார். ஏசுராஜ். தகப்பன் பேரு அந்தோணி, செத்துட்டாரு. தாய் பேரு சவுரியம்மாள்.