கீழ வீதி மாடி ஜன்னல்

பேனாவால் வரைந்த படத்தைப் பார்க்கக் காலை வெளிச்சம்தான் நல்லது, இன்ஸ்பெக்டர் ஐயா. டியூப் லைட்டில் மெல்லிய கோடுகள் செத்துப்போகும். கையில் ஒரு லென்ஸும் வேண்டும்.

நடனசபாபதி சார் தீபாவளி மலர்களுக்கு வரைந்த இரட்டைப் பக்கப் படங்களைச் சிறு வயதிலிருந்தே அப்படித்தான் பார்க்கிறேன். கல்யாணப் பந்தல் என்றால், பாயசத்துக்குச் சண்டை போடும் சம்பந்திகளை எல்லோரும் பார்ப்பார்கள். தூணுக்குப் பின்னால் மாப்பிள்ளையின் செருப்பை மாட்டிப் பார்க்கிற ஆள் என் கண்ணில்தான் படுவான். கூட்டத்தில் எங்காவது தன்னையும் பொடியாக வரைந்துவிடுவார். அவரைத் தேடிக் கண்டுபிடிப்பது வாசகர்களுக்கு ஒரு விளையாட்டு.

அவர் வரைவதை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டுக் கீரப்பாளையம் போனேன். மனைவி போன பிறகு கையே ஓடவில்லை என்றார். சிதம்பரம் கீழ வீதியில் என் பிரேம் கடைக்கு மேல் மாடி சும்மா கிடந்தது. தங்கி வரையுங்கள் என்று அழைத்து வந்தேன். கொஞ்ச நாளிலேயே ஊருக்குக் கிளம்புகிறேன் என்றார். பாதிப் படத்தில் யாராவது கிளம்புவார்களா? கதவைப் பூட்டினேன். கவனம் சிதறக் கூடாதென்று செல்போனையும் வாங்கிக்கொண்டேன். காசி யாத்திரையில் இருக்கிறேன் என்று கடலூரில் இருக்கும் அவர் மகள் வினோதினிக்கு அதிலிருந்து நானே மெசேஜ் அனுப்பி வந்தேன்.

ஆனித் தேர் அன்று ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டிக் கத்தினார். கீழே ஒரே மேளமும் சிவ கோஷமும். பெரியவர் தேரைப் பார்த்து உருகுகிறார் என்று நினைத்து, தெருவில் நின்றவர்கள் அவரைப் பார்த்துக் கும்பிட்டார்கள். எனக்கு அன்று கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

பிறகு அந்தத் தேரையே வரைந்தார். வடக்கயிற்றின் ஒவ்வொரு பிரியும் தெரிந்தது. மலருக்கு அனுப்பி வைத்தேன். அதோடு பேனாவைத் தொடவில்லை. வரைந்தால்தான் சாப்பாடு என்றேன். அதற்கும் மசியவில்லை. தினமும் ஒரே கேள்விதான்.

"மலர் வந்துடுச்சா தம்பி?"

இன்னும் வரவில்லை என்பேன். அது உண்மைதான். ஐப்பசி மழையில் குரல் இறங்கிப்போனது. டாக்டரைக் கூப்பிட்டிருக்கலாம், கூப்பிட்டால் கதவைத் திறக்க வேண்டும். மலர் கடைக்கு வந்த காலையில் அவர் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் வினோதினி மலரோடு உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். படத்தில் எல்லோருடைய கையும் தேரை நோக்கிக் கும்பிடுகிறது. என் கடை போர்டுக்கு மேலே, கம்பிக்கு வெளியே நீண்ட ஒரு கை மட்டும் தெருவைப் பார்த்து விரிந்திருக்கிறது.

"எங்க அப்பா ஜன்னல்ல நிக்கிறத நீங்க பாக்கவே இல்லையா?" என்று கேட்டாள்.

பார்த்தேன். படம் முடிந்த அன்றே லென்ஸில் பார்த்தேன். மலர் வந்ததா என்று ஏன் கேட்கிறார் என்பதும் தெரியும். வெள்ளை மை தொட்டு ஒரே இழுப்பில் மறைத்திருக்கலாம். ஆனால் அந்த உள்ளங்கையில் ரேகையைக்கூட வரைந்திருந்தார், ஐயா. அதை அழிக்கிற அளவுக்குக் கல்நெஞ்சம் எனக்கு இல்லை.