கட்டைவிரல் அளவு சிவப்பு

கோழி வளர்க்கிறவர்கள் செய்கிற முதல் தவறு, ஆறு கோழிக்கும் ஒரே தீவனத் தட்டை வைப்பது. ஒரு தட்டு என்றால் அதைக் காவல் காக்க ஒரு கோழி போதும். இரண்டு தட்டுகளை ஒன்றுக்கொன்று கண்ணில் படாத இடத்தில் வைத்தால் பாதிச் சண்டை குறைந்துவிடும். இதை ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள். "ஆரம்பத்துலேர்ந்து, நடந்தத நடந்தபடி எழுதிக் குடுங்கம்மா" என்று நீங்கள்தான் சொன்னீர்கள், ஐயா. ஆரம்பம் கோழிக்கூண்டுதான்.

வீட்டில் நானும் என் தங்கையும் மட்டும். அம்மா போனபோது அவளுக்கு எட்டு வயது, எனக்குப் பத்தொன்பது. தலை வாரிவிட்டது, காய்ச்சலில் கண் விழித்தது, பரீட்சைக்குக் கூடவே போய் வாசலில் நின்றது எல்லாம் நான். வந்த வரன்களை ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பியதும் நான்தான். அதைச் சொல்லிக் காட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை. இன்றைக்கு அவளுக்கு இருபத்தொன்பது. நான் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன்.

போன வருடம் அவள் ஆசைப்பட்டுத்தான் ஆறு குஞ்சுகளை வாங்கினோம். வளர்ந்த பிறகு ஒன்று மற்ற ஐந்தையும் ஆட்டிப் படைத்தது. பாப்பா அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தாள். "நடையப் பாருக்கா. அப்படியே எங்க பழைய துணிக்கடை மேனேஜர். இன்னும் ஒரு மூக்குக்கண்ணாடி போட்டா கணக்குச் சரியாயிரும்." அந்தக் கடையில் அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கூட வேலை பார்த்தவர்கள் அவள் சாப்பாட்டு டப்பாவைக்கூட ஒளித்து வைப்பார்கள். தினமும் அழுதுகொண்டே வந்து என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொள்வாள்.

மேனேஜரிடம் அதிகம் அடி வாங்கியது ஒரு சாம்பல் நிறக் கோழி. தீவனத்துக்குப் போனால் தலையில் கொத்து, தண்ணீருக்குப் போனால் முதுகில் கொத்து. வால் பக்கம் இறகெல்லாம் உதிர்ந்து, ஒரு நாள் ரத்தம் வந்துவிட்டது. கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் காயத்தை மறைக்க ஊதா மருந்து தடவினார்.

"ரத்தத்த மட்டும் மத்ததுங்க கண்ணுல காட்டிடாதீங்க. ஒண்ணு கொத்துனா அது சண்டை. சிவப்பு தெரிஞ்சுதுன்னா எல்லாம் சேந்து கொத்தும். கொத்துறதுக்குக் காரணம்கூட வேணாம். உயிர் போறவரைக்கும் விடாது" என்றார்.

அவர் சொன்ன எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு வரிசையாகச் செய்தேன். மேனேஜரை நான்கு நாள் தனியாக அடைத்தேன். திரும்பி வந்தபோது அதன் இடம் பறிபோயிருந்தது. முதுகு குறுகித்தான் நடந்தது. மற்றவற்றின் அலகுக்கு வேலை கொடுக்க ஒரு முட்டைக்கோஸைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். தட்டை இரண்டாக்கினேன். காயம் ஆறுகிற வரை மூன்று வாரமும் நான் அலுவலகம் விட்டு வந்ததும் சாம்பல் ஓடிவந்து மடியில் ஏறிக் கண்ணை மூடிக்கொள்ளும். பாப்பா அப்போது குழந்தைகள் காப்பகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தாள். சிரித்துக்கொண்டே போவாள், சிரித்துக்கொண்டே வருவாள். வந்ததும் கைபேசியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள்.

சாம்பலுக்குக் குணமாகிவிட்டது. புது இறகு முளைத்தது. மற்றவற்றோடு சேர்ந்து மண்ணைக் கிளறத் தொடங்கியது. நான் உட்கார்ந்து கூப்பிட்டால் ஒரு கண்ணால் பார்க்கும், திரும்பிக்கொள்ளும். ஏறிய ஏணியை எட்டி உதைப்பது மனிதர்கள் மட்டும் செய்கிற காரியம் என்று நினைத்திருந்தேன். நான்கு சாயங்காலம் வெறும் மடியோடு உட்கார்ந்திருந்தேன்.

ஐந்தாம் நாள் பீட்ரூட் நறுக்கிக்கொண்டிருந்தேன். கையைக் கழுவாமல் பின்பக்கம் போனேன். சாம்பலைப் பிடித்து வால் பக்கம் என் கட்டைவிரலை ஒரு தடவை அழுத்தி எடுத்தேன். அவ்வளவுதான். அடிக்கவில்லை, இறகைப் பிடுங்கவில்லை. கால்மணி நேரத்தில் அது ஓடிவந்து என் மடியில் ஏறிக்கொண்டது. உடம்பெல்லாம் நடுக்கம். ஊதா மருந்தை எடுத்து நிதானமாகத் தடவிவிட்டேன்.

மூன்று நாள் அப்படி வந்தது. நான்காம் நாள் எனக்கு அலுவலகத்தில் தாமதமாகிவிட்டது. வந்து பார்த்தபோது புதைக்கத்தான் மிச்சம் இருந்தது. பாப்பா அழுதாள். நானும் அழுதேன். நான் செய்த பிழை, அந்த நேரத்தில் வீட்டில் இல்லாமல் போனது. அதையும் நோட்டில் எழுதிவைத்தேன்.

அடுத்த மாதம் எங்கள் சின்னக் குக்கரைக் காணவில்லை. ஒரு வாரம் தேடினேன். பக்கத்து வீட்டுத் தையற்காரியிடம் பேச்சுவாக்கில் சொன்னபோது அவள் வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டுச் சிரித்தாள்.

"அட, உனக்குத் தெரியாதா? குக்கர் எங்க வீட்டு அலமாரிலதான் இருக்கு. ரெண்டு தட்டு, போர்வை, வாளி எல்லாம் இங்கதான். ஒண்ணொண்ணா கொண்டாந்து வச்சிட்டா. கூட வேலை செய்யுற பொண்ணோட ரூம் எடுத்திருக்கால்ல? இவ்ளோ நாளா சொல்லாமயா இருக்கா, கள்ளி!"

தையற்காரிக்குத் தெரிந்திருக்கிறது. வாளி தூக்கிக் கொடுத்த பால்காரருக்குத் தெரிந்திருக்கிறது. காப்பகத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. வளர்த்தவளுக்குத்தான் கடைசித் தகவல்.

அன்று அவளைக் கேட்டேன்.

"ஓடியாக்கா போறேன்? பஸ்ல இருபது நிமிஷம். ஞாயித்துக்கிழமையானா வந்துருவேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா உனக்குக் காய்ச்சல் வந்துரும். போன தடவையும் வந்துச்சு, அதுக்கு முந்தின தடவையும் வந்துச்சு." இதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

நகராட்சியில் மனுப் பிரிவில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். எட்டுப் பக்கம் எழுதுகிறவர்களின் மனு கட்டோடு கட்டாகக் கிடக்கும். ஒரு வரி மனுதான் மேசைக்கு மேசை நடக்கும். காப்பக ஆண்டு விழா அழைப்புகளுக்கு முகவரி எழுதிக் கொடுத்ததும் நான்தான் என்பதால் பெற்றோர் பட்டியல் என்னிடம் இருந்தது. முப்பத்தொரு பேரில் மூன்று பேருக்கு மட்டும் எழுதினேன். "இரண்டாம் அறையில் இருக்கும் உங்கள் குழந்தையை இன்று குளிப்பாட்டும்போது கையையும் தொடையையும் உற்றுப் பார்க்கவும்." ஒரு எழுத்துப் பொய் கிடையாது. மூன்று வயதுக் குழந்தையின் உடம்பில் ஒரு கீறலாவது இல்லாமல் இருக்குமா? இரண்டாம் அறையைப் பார்த்துக்கொள்வது பாப்பா என்பது எல்லோருக்கும் தெரியும்.

இடது கையால்தான் எழுதினேன். ஆனால் தாளின் இடப்பக்கத்தை ஓர் அங்குலம் மடித்துவிட்டு எழுத வேண்டும் என்று எங்கள் பள்ளியில் அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். மொட்டைக் கடுதாசிக்கும் மடித்தேன், தேதியும் போட்டேன். நேற்று நான் எழுதிக் கொடுத்த தாளையும் அந்தக் கடிதத்தையும் நீங்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "மடிப்பு ஒரே மாதிரி இருக்கேம்மா" என்றீர்கள். முறைப்படி எழுதியதற்காக நான் வருத்தப்படவில்லை.

கடிதங்கள் போய்ச் சேர்ந்த மறுநாள் விடுப்புப் போட்டேன். கோழி விஷயத்தில் செய்த பிழையைத் திரும்பச் செய்யக் கூடாது என்று வீட்டிலேயே இருந்தேன். சோறு வடித்து, அவள் படுக்கையை விரித்து, வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினோரு மணிக்குள் அழுதுகொண்டு வந்துவிடுவாள் என்று கணக்கு.

காப்பக வாசலில் நடந்ததெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். மூன்று பேர் கைபேசியில் சொல்ல இருபது பேர் வந்திருக்கிறார்கள். ஒருத்தி கேட்டிருக்கிறாள், ஒருத்தி முடியைப் பிடித்திருக்கிறாள். சேர்ந்து அறை எடுத்த அந்தத் தோழி, "எனக்கும் ரொம்ப நாளா சந்தேகம்தான்" என்று சொல்லியிருக்கிறாள். யார் தள்ளினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. இரும்புக் கேட்டில் தலை மோதியிருக்கிறது. ஒன்பது நாள் கண் திறக்கவில்லை.

எங்களுக்குள் பகை உண்டா என்று கேட்டீர்கள். கிடையாது. துணிக்கடைக்கும் அதற்கு முந்தைய வேலைக்கும் போன கடிதங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆகவே அவற்றை இங்கே விவரிக்கவில்லை. அந்த இரண்டு தடவையும் அவள் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தாள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

இப்போது பாப்பா கண் விழித்துவிட்டாள். நான் உள்ளே போனால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். ஜன்னல் வெளிச்சம் கூசுகிறது போலிருக்கிறது. அங்கே ஒரு நர்ஸ், சின்னப் பெண், அவளுக்குத் தலை வாரிவிடுகிறாள். பாப்பா அவள் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாள். முந்தாநாள் அவளிடம் வாய் திறந்து பேசியும் இருக்கிறாள். அந்தப் பெண் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "தப்பா நினைக்காதீங்கக்கா. டிஸ்சார்ஜ் ஆனதும் கொஞ்ச நாள் எங்க வீட்ல வந்து இருக்கட்டுமான்னு கேக்கறாங்க. எங்கம்மாவும் சரின்னுட்டாங்க" என்றாள்.

நான் தப்பாக நினைக்கவில்லை. ஊசி போட்ட பிறகு மருந்துக் குப்பிகளில் மீதி எவ்வளவு இருக்கிறது, அந்த வார்டில் அதை யார் எடுத்து வைக்கிறார்கள் என்று கவனிக்கும்படி மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு ஒரு வரி எழுதி, இன்று காலை ஸ்டேஷனுக்கு வரும் வழியில் தபாலில் சேர்த்துவிட்டேன். எந்த வார்டில்தான் மீதி இருக்காது?

நான் செய்ததாக நீங்கள் சொல்கிற எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன், ஐயா. கையெழுத்து எங்கே போட வேண்டுமோ காட்டுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் அவளுக்கு என்னைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். ஆகவே என்னை இங்கே அதிக நாள் வைத்திருக்க வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.