காய்ச்சலுக்கு ஒரு வேண்டுதல்

மருத்துவமனை ஊழியர்களுக்கு முதலில் கொரோனா தடுப்பூசி போடத் தொடங்கியிருந்த நாட்கள் அவை. டாலிகஞ்சில் மெட்ரோ ஏறிய தமிழர் ஒருவர், செவிலியான தம் மனைவியிடம் முகக்கவசத்துக்குள்ளிருந்தே குறைபட்டுக்கொண்டார்.

“ஊசி போட்டா காய்ச்சல் வரும், வந்தா ஊசி வேலை செய்யுதுன்னு அர்த்தம்னு சொன்னியே, அது நல்லா வரட்டும்னு காளிகிட்ட வேண்டிக்கிட்டேன். நீ என்னடான்னா ஊசியே போடாம வந்து நிக்கற!”

“எல்லாரும் காய்ச்சல்ல படுத்துட்டா வார்டை யார் பாக்கறது? அதான் இன்னிக்குப் பாதிப் பேருக்குத்தான் போட்டாங்க. என் இடத்தைத் தரை துடைக்கிற மாஷிக்கு விட்டுக்கொடுத்துட்டேன்.”

“பெரிய தர்மப்பிரபு!”

“கொரோனா வார்டுலேருந்து போய், ஒரே ரூம்ல பேரக் குழந்தைங்களோட படுக்கறாங்க அவங்க. எனக்காவது மாடியில தனி ரூம் இருக்குங்க.”

“அந்த ரூம் வாசல்லதான் நம்ம பொண்ணு தலகாணியப் போட்டுத் தூங்கறா. அவகிட்ட நான் என்ன சொல்ல?”

“அடுத்த வாரம் அம்மாவோட முறைன்னு சொல்லுங்க.”

காளிகாட் வந்தது. இறங்குவதற்காக எழுந்தபோது அவர் கேட்டார்.

“அப்பவும் யாராவது கேட்டா கொடுத்துடுவியா?”

“இன்னிக்கும் யாரும் கேக்கலைங்க.”