ஐஸ் பெட்டிக்குள் ஒரு செடி

கொழும்பு வெள்ளவத்தை வெக்கையில் மலைநாட்டு ஓர்கிட் பிழைக்காதுதான். நுவரெலியாவில் ஒரு மரக்கொப்பில் ஒட்டிக் கிடந்த செடியை, அந்தக் கொப்புத் துண்டோடு கொண்டுவந்தவன் என் மகன் கேதீஸ். அதற்கு மண் வேண்டாம். பாசியும் ஈரமும் குளிர்ந்த இரவும் போதும். பொழுதுபட்டதும் மீன்காரர் ஐஸ் வைக்கும் வெள்ளை ரெஜிபோம் பெட்டியின் அடியில் ஐஸைப் பரப்பி, மேலே தட்டொன்றில் செடியை வைத்து, மூடியைச் சற்று நீக்கி விடுவேன்.

கேதீஸைத் தேடிப் பொலிஸார் வந்த காலை, கதவைத் திறந்தவர் என் கணவர் செல்லையா. அரசாங்கக் கந்தோரில் உழைத்து ஓய்வுபெற்றவர். அரசாங்கத்தின் பேச்சை நம்புகிறவர்.

"போயிட்டு வா தம்பி. விசாரிச்சிட்டு விட்டுடுவினம்" என்று சேர்ட்டையும் அவரே எடுத்துக் கொடுத்தார்.

பிறகு எந்தப் பொலிஸ் நிலையத்திலும், எந்த முகாமிலும் அந்தப் பெயரில் ஒருவரும் இல்லை என்றார்கள்.

அவரில் எனக்குக் கோபம் இருந்ததில்லை. இதை நீங்கள் நம்பவேண்டும்.

அடுத்த வருஷம் மின்வெட்டு வந்தது. பிரிட்ஜ் வெறும் அலுமாரியானது. அவருக்குச் சீனி வருத்தம். இன்சுலின் ஊசியில்தான் உயிர்.

"வெக்கையில வெச்சிராதீங்கம்மா, மருந்து பச்சத் தண்ணியாப் போயிரும்" என்றார் மருந்துக்கடை மஷூர்.

மீன்கடையில் கெஞ்சி ஐஸ் வாங்கிவந்து செடிக்குப் போட்டேன்.

"எனக்கும் ரெண்டு கட்டி வையப்பா, நானும் பூக்கிறன்" என்று இவர் பகிடி விட்டார். நானும் சிரித்தேன்.

மருந்துக் குப்பியை மேற்கு யன்னலில், வெயில் விழும் இடத்தில் வைத்தேன். ஊசியை ஒருநாளும் தவறவிடவில்லை, அளவும் பிழைக்கவில்லை. தாகம் என்றார், தண்ணீர் கொடுத்தேன். கால் விறைக்கிறது என்றார், பிடித்துவிட்டேன். ஒழுங்காக ஊசி போடுகிறீர்களா என்று டொக்டர் கேட்டபோது, "ஓம்" என்றேன். அது பொய்யில்லை.

பெட்டியில் அந்தக் குப்பிக்கும் இடம் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர் கண்மூடிய கிழமைதான் செடி பூத்தது. சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள். செத்தவீட்டில் அவருடைய தங்கை நாகமணி அழுதழுது என்னிடம் வந்தாள்.

"மச்சாள், அண்ணா உந்தப் பூவுக்குத்தானே பாத்துக்கொண்டு இருந்தவர். ஒண்டைப் பிடுங்கித் தாங்கோ, நெஞ்சில வைச்சு விடுவம்."

பெட்டியின் மூடியை மெல்ல இறக்கினேன்.

"ஏலாது, நாகமணி. பிள்ளை வந்து பாக்கவேணும். விசாரிச்சிட்டு விட்டுடுவினம்."