நன்றி சொன்ன ஒருத்தர்

கோட்டாறிலிருந்து பூதப்பாண்டி போகிற பேருந்தில், என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். லேப்டாப் பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தவள் சொன்னாள்:

“யாருன்னே தெரியாத ஒருத்தரு நன்றி சொல்லி எழுதியிருக்காரு மக்கா. அதுல இருந்து எனக்கு உறக்கமே இல்ல.”

“ஏட்டி, நன்றிக்குப் போயி யாராவது பயப்படுவாங்களா?” என்றாள் தோழி.

“வெப்சைட்டுல நம்பருல புள்ளிக்குப் பின்னால உள்ளதைக் குறைச்சு ரவுண்டு பண்ணிக் காட்ட ஒரு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி எழுதி, எல்லாருக்கும் இலவசமா போட்டேம்லா? போன மாசம், அது சரியான விடை தருதான்னு தானா சோதிச்சுப் பாக்க டெஸ்டும் சேத்தேன். டெஸ்ட் இருக்குன்னு நம்பி, அவரு ஆஸ்பத்திரியில பிள்ளைகளுக்கு மருந்து அளவு காட்டுற பக்கத்துல அதை வச்சிட்டாராம்.”

“டெஸ்ட் எல்லாம் பாஸ்தானே?”

“பாஸ் ஆகாம என்ன செய்யும்? சரியான விடை என்னன்னு நான் கணக்குப் போட்டே பாக்கல்ல. எனக்க புரோகிராம் என்ன விடை சொல்லிச்சோ, அதையே சரின்னு டெஸ்டுல எழுதி வச்சேன். நேத்துதான் பாத்தேன், சில நம்பரைத் தப்பாக் காட்டுது.”

தோழியின் குரல் இறங்கியது. “அவருக்கு உடனே எழுதுட்டி.”

“எழுதியாச்சு, அவரும் அந்தப் பக்கத்துல இருந்து அதை நீக்கிட்டாரு. நன்றி சொன்னதால அவரைத் தெரிஞ்சுது. சொல்லாம எடுத்துட்டுப் போனவங்களுக்கு நான் எங்க போயி எழுத?”