யுனிக்ஸ் பக்கம் என் பொறுப்பு

காபிக்குச் சர்க்கரை போதுமா ஸார்? ஷாகிரா எப்போதும் கூடக் கொஞ்சம் கேட்பார். அதனால்தான் டப்பா இன்னும் என் மேஜையிலேயே இருக்கிறது.

தி.நகரிலிருந்து உங்கள் கம்பெனி அவரை எங்கள் மயிலாப்பூர் ரத்த வங்கிக்கு அனுப்பியது ஒரே வேலைக்காக. ரத்தம் கொடுப்பவர்களைத் தேடும் புரோகிராமை யுனிக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாற்ற வேண்டும். பெயரும் போன் நம்பரும் உள்ள டேட்டாபேஸ் மட்டும் பழைய யுனிக்ஸ் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். விண்டோஸ் பக்கம் அவருடையது. யுனிக்ஸ் பக்கம் என் பொறுப்பு. பாஸ்வேர்டும் என்னிடம் மட்டும். பழைய புரோகிராமை நானே நிறுத்தினேன். அதற்கு முன்னால் பெயர், நம்பர் எழுதி வைத்திருந்த அட்டைகளை எப்போதோ எடைக்குப் போட்டாகிவிட்டது.

யுனிக்ஸ் எல்லா மெஷினையும் உள்ளே விடாது. எதை விடலாம் என்று அதற்குள் எழுதிவைக்க வேண்டும். புது மெஷினின் பெயரைச் சேர்த்ததும் முதல் நாளே கனெக்‌ஷன் கிடைத்துவிட்டது. அவர் கைதட்டிச் சிரித்தார். வேலை முடிந்தால் போய்விடுவாரே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கிளம்பியதும் அந்தப் பெயரை எடுத்துவிட்டேன்.

பிறகு அதுவே வழக்கமாயிற்று. காலையில் கனெக்‌ஷன் வராது. இரண்டு மெஷினையும் இணைக்கும் டிரைவர் சாஃப்ட்வேரை அழித்துத் திரும்பப் போடுவார், கேபிளைப் பிடுங்கிச் சொருகுவார். "உங்க பக்கம் சரியா இருக்கா ஸார்?" என்பார். இருக்கிறது என்பேன். மத்தியானம் பெயரைச் சேர்ப்பேன், வேலை செய்யும். மறுநாள் பழையபடி. மனைவி தவறிய பிறகு ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டது அந்த நாட்களில்தான். அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

மேற்கு மாம்பலத்தில் என் வீட்டுக்கு போன் கிடையாது; பக்கத்து வீட்டுக் கனகராஜ் வீட்டுக்குத்தான் வரும். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஓடிவந்தார். "உங்க ஆபீஸ்லேர்ந்து ஷாகிராவாம் ஸார். அவங்க அக்காவுக்குப் பிரசவத்துல ரத்தம் நிக்கலியாம். அழுதுக்கினே கீறாங்க, சீக்கிரம் வாங்க."

அக்கா ஆயத்துக்கு பம்பாய் குரூப், லேசில் கிடைக்காத வகை. கொடுக்கக்கூடியவர்களின் நம்பர் டேட்டாபேஸில் இருந்தது. "கனெக்‌ஷன் வரமாட்டேங்குது ஸார். என்ன பண்ணட்டும், சொல்லுங்க" என்றார் ஷாகிரா போனில்.

பாஸ்வேர்டையும் உள்ளே சேர்க்க வேண்டிய ஒரு வரியையும் சொன்னால் போதும். சொன்னால், பெயரை எடுத்தது யார் என்று தெரிந்துவிடும். அப்புறம் என் முகத்தில் விழிப்பாரா? டிரைவரைத் திரும்பப் போட்டுப் பாருங்கள் என்று நிதானமாகச் சொல்லிவிட்டு வைத்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை போனேன். அவர் அழுவதைப் பார்க்க எனக்கு மனசு தாங்காது. திரும்பிவிட்டேன்.

சாயங்காலம் ஆயத் இறந்துபோனார். குழந்தை பிழைத்துக்கொண்டது.

தன் வேலையில்தான் தப்பு, அக்காவைத் தானே கொன்றுவிட்டதாகச் சொல்லி ஷாகிரா உங்கள் கம்பெனியை விட்டே போய்விட்டாராம். கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் வேலையில் ஒரு தப்பும் இல்லை ஸார். பெயரை எடுத்தது நான்.

இப்போது சேர்த்துவிட்டேன், நன்றாக ஓடுகிறது. அவரிடம் இதைச் சொல்ல வேண்டாம். கனெக்‌ஷன் மறுபடியும் போய்விட்டது, ஒரு தடவை வந்து பார்க்க முடியுமா என்று மட்டும் கேளுங்கள்.